நாவடக்கத் தியானம்: ஒரு நாள், ரூபா 1,500

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பில் வாவி ஓரமாக இருக்கும் ஒரு தியான இல்லத்தில் ‘நாவடக்கம்’ என்று ஒருநாள் தியானம் வைத்தார்கள். நானும் மச்சாளும் போனோம். காலை எட்டரையிலிருந்து மாலை நான்கரை வரை. இரண்டு நேரச் சாப்பாடு, தேத்தண்ணி, ஒரு கையேடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ரூபா 1,500. இடியப்பக் கடையையும் தையல் கடையையும் பற்றி எழுதுகிறவளுக்குத் தியானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஆளை இருத்தி வைத்தால் அதுவும் சேவைதான், எழுதலாம்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளை அங்கேயே நேரில் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பது கீழே வரும். போக விரும்புகிறவர்கள் உங்கள் பங்கு அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

முதலில் வசதிகள். மண்டபம் காற்றோட்டமாக இருக்கிறது. மின்விசிறிகள் எல்லாம் வேலை செய்கின்றன. கழிப்பறை சுத்தம், தண்ணீர் தாராளம். கதிரைகள்தான் பிளாஸ்டிக், பதினொரு மணிக்குப் பிறகு முதுகு கதை சொல்லத் தொடங்கும். நுளம்பு பகலிலேயே கடிக்கிறது. ஒலிபெருக்கியை ஏன் அவ்வளவு சத்தமாக வைத்தார்களோ தெரியவில்லை. மெதுவாகப் பேசுவது எப்படி என்று சொல்லித் தருகிற இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. தேத்தண்ணி இடைவேளையில் ஓர் இளைஞனிடம் சொன்னேன், குறைத்தார்கள்.

வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள். கைத்தொலைபேசியை நிறுத்தி அதில் போட வேண்டும், நம்பர் எழுதிய துண்டு தருவார்கள். மதியச் சாப்பாடு வரை மௌனம். பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டலாம். இது எல்லாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்தது.

மச்சாளைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கம். என் தம்பி பெண் எடுத்தது மெதடிஸ்த என்ற புரட்டஸ்தாந்து சபைக் குடும்பத்தில். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இந்த மண்ணிலேயே இறந்துபோனதை மச்சாள் சொந்தத் தாத்தாவின் கதைபோலச் சொல்வார். தியான இல்லத்தில் அவரை யாரும் வேற்று ஆளாகப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம்.

முதல் உரை, வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம். நாவைப் பற்றிப் பேசுகிற யாருமே தொடங்குகிற இடம்தான். குதிரையின் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்பு என்று யாக்கோபு மூன்று உதாரணம் வைக்கிறார். பாதர் குதிரையை விட்டுவிட்டார், நல்லது. சன்னலுக்கு வெளியே வாவியில் என்ஜின் தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவரின் கையில் இருக்கும் பிடி ஒரு முழம்கூட வராது, ஆனால் தோணி முழுவதும் அவர் சொன்ன பக்கம் திரும்புகிறது, பாருங்கள் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அந்த மனிதருக்குத் தன்னைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது என்று தெரியாது.

அதன் பிறகுதான் பாதர் கொஞ்சம் ஆழமாகப் போனார். நாவை எந்த மனிதனாலும் அடக்க முடியாது என்று அதே அதிகாரத்தின் எட்டாம் வசனம் சொல்கிறதே, பிறகு எதற்கு இந்தத் தியானம் என்று அவரே கேட்டார். உள்ளத்தில் நிறைந்திருப்பதுதான் வாயால் வரும் என்று இயேசு சொன்னதைக் காட்டி (மத்தேயு 12:34), வாயை மட்டும் பூட்டி வைத்தால் உள்ளே இருப்பது முகத்தால் வரும், கதவை அடிக்கிற சத்தத்தால் வரும், கறிச்சட்டியை இறக்கி வைக்கிற விதத்தால் வரும் என்றார். கறிச்சட்டி என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு எழும்பியது. மௌனம் அந்த இடத்தில் கொஞ்சம் கலைந்தது. என் வாய்க்குக் காவல் வையும் என்று தாவீது கேட்கிற திருப்பாடல் 141இன் மூன்றாம் வசனத்தைத் தொலைபேசியைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு முறையும் சொல்லிப் பாருங்கள் என்று ஒரு வீட்டுவேலையும் தந்தார். செய்து பார்க்கிறேன். பாதி நேரம் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் ஆள் பேசத் தொடங்கிவிடுகிறது.

சாட்டையடி தோலில்தான் தழும்பு போடும், நாவின் அடி எலும்பையே நொறுக்கும் என்கிற சீராக் 28ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னபோது மச்சாள் தன் வேதாகமத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என்னை முறைத்தார். அவர்களுடைய வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. என்னுடையதை அவர் பக்கம் தள்ளினேன். படித்து முடித்துத் தாளில் எழுதினார்: “நல்ல புத்தகம். எங்களுக்கு ஏன் தரேல்ல?”

இரண்டாவது உரை ஒரு சிஸ்டருடையது. அந்த நாளுக்குக் கொடுத்த காசு இந்த ஒரு மணித்தியாலத்துக்கே சரி. மென்மையாகப் பேசினார், கையில் குறிப்பு இல்லை. வாய்ப் பாவங்களைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு எப்படிப் பிரிக்கிறது என்று எடுத்துச் சொன்னார். ஆதாரம் இல்லாமல் ஒருவர் கெட்டவர் என்று மனதுக்குள் முடிவுகட்டுவது ஒன்று. பொய் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. இவை இரண்டும் பாவம் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் ஒன்று இருக்கிறது: ஒருவரின் உண்மையான குறையை, அது தெரியாத ஒருவரிடம், தகுந்த காரணம் இல்லாமல் சொல்வது. சொன்னது முழுக்க உண்மை, ஆனாலும் பாவம். இந்த இடத்தில் மண்டபத்தில் பலர் நெளிந்தார்கள். “நான் பொய்யா சொன்னேன்?” என்பதுதானே நம் ஊரில் எல்லாருடைய கடைசிக் கோட்டை.

அகத்தோன் என்ற பாலைவனத் துறவி மௌனம் பழக மூன்று வருடம் வாயில் கல்லை வைத்திருந்தாராம். அதைக் கேட்டு எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. புனித அகுஸ்தீனாருடைய கதை வேறு மாதிரி. அவருடன் வாழ்ந்த பொசிதியுஸ் எழுதி வைத்தது. இங்கே இல்லாதவரின் வாழ்க்கையைப் பேச்சால் கடிக்கிறவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற பொருளில் அகுஸ்தீனார் தன் சாப்பாட்டு மேசையில் எழுதி வைத்திருந்தார். ஒருநாள் அவருக்கு நெருங்கிய ஆயர்களே அதை மறந்து யாரையோ பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அகுஸ்தீனார் விடவில்லை. ஒன்று அந்த வரிகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நான் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். விருந்துக்கு வந்த ஆயர்களையே! நம் வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் இப்படிச் சொல்ல முடியுமா என்று நினைத்துப் பார்த்தேன்.

கேள்விப் பெட்டி வைத்திருந்தார்கள். நான் ஒன்று எழுதிப் போட்டேன்: கடைகளைப் பற்றி விமர்சனம் எழுதுவது அந்த நடுப் பாவத்தில் வருமா? சிஸ்டர் வாசித்துவிட்டு உடனே பதில் சொல்லவில்லை. பிறகு இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டார். அந்தக் குறையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வாசிக்கிறவருக்கு இருக்கிறதா? அதைத் திருத்தக்கூடியவரிடம் முதலில் சொன்னீர்களா? கெட்டுப்போன மீன் விற்றால் ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும், முதலாளியின் மகள் யாருடன் போனாள் என்பதை எழுதத் தேவையில்லை என்றார்.

மச்சாள் அதற்குள் அரைப் பக்கம் எழுதிவிட்டார். மெதடிஸ்தத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியும் அவருடைய போதகர்களும் 1752இல் கையெழுத்துப் போட்ட ஓர் உடன்படிக்கை அது. ஒருவரைப் பற்றி ஒருவர் கெட்டதைக் கேட்கவும் மாட்டோம், தேடிப் போய் விசாரிக்கவும் மாட்டோம். காதில் விழுந்தாலும் உடனே நம்ப மாட்டோம். முடிந்தளவு சீக்கிரம் அந்த ஆளிடமே பேசியோ எழுதியோ தெரிவிப்போம். அது வரைக்கும் வேறு யாரிடமும் ஒரு எழுத்துக்கூடச் சொல்ல மாட்டோம். தெரிவித்த பிறகும் வெளியே சொல்ல மாட்டோம். வெஸ்லி இதைப் பற்றித் தனியாக ஒரு பிரசங்கமும் எழுதியிருக்கிறார், அதற்கு அடிப்படை மத்தேயு 18:15. மச்சாளுக்கு இவை எல்லாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தவையாம். தெரிவித்த பிறகும் வெளியே சொல்ல மாட்டோம் என்பதை அப்படியே பிடித்தால் நான் எழுதுவதையே நிறுத்த வேண்டும். சிஸ்டரின் அளவுகோல் எனக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது, ஆகவே அதைத்தான் எடுத்துக்கொண்டேன். முதலில் நேரில் சொல்வது என்பது மட்டும் இரண்டிலும் ஒன்று.

அதற்கான வேலை சீக்கிரமே வந்தது. சாப்பாட்டுக்கு முன் அரை மணித்தியாலம் தனிச் செபம். எல்லாரும் வாயை மூடியிருந்ததால் குசினியில் நடந்தது நன்றாகக் கேட்டது. உதவிக்கு நின்ற ஒரு பிள்ளையை மேற்பார்வை செய்கிறவர் ஏசிக்கொண்டிருந்தார். சொதியில் பால் திரைந்துவிட்டதாம். “கண் பொட்டையா உனக்கு? வீட்டிலயும் இப்பிடித்தான் சமைச்சுக் குடுக்கிறயா?” என்று தொடங்கி அது நீண்டுகொண்டே போனது. எங்கள் மடியில் இருந்த கையேட்டின் பக்கத்தில் எபேசியர் 4:29, உங்கள் வாயிலிருந்து கெட்ட வார்த்தை எதுவும் வர வேண்டாம் என்று தடித்த எழுத்தில். ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் எழும்பவில்லை. மௌனம் அல்லவா!

சாப்பாடு நல்ல சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல், திலாப்பியாக் குழம்பு, இறால் கொஞ்சம் போட்ட கத்தரிக்காய்க் கறி, கடைசியில் எருமைத் தயிரும் சீனியும். தயிர் வெட்டி எடுக்கிற பதத்தில் இருந்தது. திரைந்ததாகச் சொன்ன சொதியும் வந்தது, அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மௌனம் முடிந்ததும் பக்கத்து மேசையில் பங்குச் சபைத் தெரிவில் யார் யாருக்கு வேலை செய்தார்கள் என்ற கதை தொடங்கியது. “அகுஸ்தீனார எங்ககா?” என்றார் மச்சாள், கொஞ்சம் சத்தமாகவே.

கை கழுவிவிட்டு சிஸ்டரிடம் போய்க் குசினி விஷயத்தைச் சொன்னேன். “நானும் கேட்டனான். ஆக்கள் எல்லாம் போன பிறகு அவவோட கதைப்பம் எண்டு இருந்தன்” என்றார். தனியாகச் சொல்ல வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கியது எல்லாருக்கும் கேட்க. அதையும் சொன்னேன். சிஸ்டர் கொஞ்சம் நின்றுவிட்டு, சரி என்று குசினிக்குள் போனார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது, எட்டிப் பார்க்கவும் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த இன்னொரு பாதர், தலைப்பு ‘வீட்டுக்குள் நம் வார்த்தைகள்’. நன்றாகத்தான் தொடங்கினார். சின்ன வயதில் உங்களை ஏசிக் கூப்பிட்ட ஒரு வார்த்தையைத் துண்டில் எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார். எனக்கு முன்னால் இருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா ஒருவர் யோசிக்கவே இல்லை, பேனையைத் திறந்த கையோடு எழுதினார். சகோதரனை அறிவிலி என்று சொல்வதைக்கூடக் கொலையின் வரிசையில் வைத்து இயேசு பேசியதை (மத்தேயு 5:22) விளக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு வழி மாறியது. புறணிக்கு உதாரணம் மிரியாம், மோசேயைப் பற்றிப் பேசித் தொழுநோய் வாங்கியவர். அடுத்தது 1 திமொத்தேயு 5:13, வீடு வீடாகத் திரிந்து வம்பளக்கிற இளம் கைம்பெண்கள். அடுத்தது மாமியார், மருமகள். எண்ணிக்கை நூல் 12ஆம் அதிகாரத்தை நான் அங்கேயே திறந்து பார்த்தேன். மோசேக்கு எதிராகப் பேசியது மிரியாமும் அவருடைய சகோதரன் ஆரோனும். ஆரோன் இந்த உரைக்குள் வரவே இல்லை. வேதாகமத்தில் நாக்கால் விழுந்த பெரிய விழுகைகளில் ஒன்று பேதுருவுடையது, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தது, சத்தியம் பண்ணி மறுதலித்தது. அவரும் வரவில்லை. (பேதுருவை அவர் கதைக்கிற விதமே காட்டிக்கொடுத்ததாக மத்தேயு எழுதுகிறார். கொழும்பில் வாய் திறந்தவுடன் “மட்டக்களப்பா?” என்று கேட்கப்படுகிற எங்களுக்கு அந்த இடம் நன்றாக விளங்கும்.) தேத்தண்ணிக் கடை வாங்கில், முச்சந்தி, பழைய மாணவர் வாட்சப் குழுமம் எல்லாம் யாருடைய இராச்சியம்? மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள், வராத ஆண்களுக்காகவும் நாங்களே கேட்டுக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. வீட்டில் கோபமாகப் பேசுகிறவருக்கு முன்னால் வாய் மூடி இருங்கள், தன்னை விசாரித்த ஏரோது அரசனுக்கு முன்னால் இயேசு அப்படித்தான் நின்றார் என்று அறிவுரை சொன்னார். ஏரோதுக்கு முன்னால் பேசவில்லை, உண்மை. அதற்குச் சற்று முன்புதான் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று அதே இயேசு கேட்டார். யோவான் 18:23. அடிக்கிற கைக்கு முன்னால் வந்த கேள்வி அது. அன்று மண்டபத்தில் அடி வாங்குகிற ஒருத்தியாவது இருந்திருப்பாள். அவள் ஏரோதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி விடக்கூடாது. வாய் பேசாதவருக்காக உன் வாயைத் திற என்று நீதிமொழிகள் 31:8 இருக்கிறது, அதைக் கையேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உரை சொன்ன அந்தப் பாதரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், யோவான் 18:23ஐக் குறித்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் ஒரு பொடியன் எழும்பினான், இருபது வயது இருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறைப் பற்றிக் கேட்டான். சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவனின் குண்டு வெடித்த அந்த ஏப்ரல் 21ஐ இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்த வதந்திகளையும்தான். சமூக வலைத்தளங்களை அரசாங்கமே கொஞ்ச நாள் முடக்கி வைத்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் முஸ்லிம் ஆட்களைப் பற்றிப் பேசியது எல்லாம் இந்தக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் வரும் பாதர் என்று கேட்டான். பாதர் தடுமாறினார், மன்னிப்பைப் பற்றிப் பொதுவாக ஏதோ சொன்னார். சிஸ்டர்தான் எழும்பி, எந்தப் பக்கத்திலும் வராது, அது எங்கள் பிழை என்று நேராகச் சொன்னார்.

கையேட்டில் ஆன்ம சோதனைக் கேள்விகள் நிறைய இருக்கின்றன. அயலவரை, சகோதரரை, மருமகளைப் பற்றி எல்லாம் கேட்கிறது. பக்கத்து முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியில் துணி எடுத்து, ஏறாவூரில் சாமான் வாங்கி, வீட்டுக்கு வந்து “அவங்கட ஆக்கள்” என்று தொடங்குகிற பேச்சைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஒரு ஆளைப் பற்றிப் பேசினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம், ஒரு ஊரையே சேர்த்துப் பேசினால் அரசியல் கதைத்தோம் என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் பக்கத்திலும் எங்களைப் பற்றி இப்படி நடக்கும், அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பொடியனின் கேள்விக்கு முழு நேரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது தேத்தண்ணிக்கு முந்திய கொஞ்ச நேரம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு பாதர்மார் இருந்தார்கள், வரிசை நீளம், ஆனால் நகர்ந்தது. திருப்பலி பிந்தித்தான் முடிந்தது, தூரத்து ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கல்முனைப் பக்கம் போகிறவர்கள் முன்னதாகவே ஓட்டோ பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. சிஸ்டரின் உரைக்கும் தயிருக்கும் முழுப் புள்ளி. பின்னேர உரைக்கு ஒன்றுக்கு மேல் வராது. வாயை எப்போது மூடுவது என்பதை நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், எப்போது திறப்பது என்பதற்கு அடுத்த முறை ஒரு உரை வேண்டும். இதையும் கருத்துத் தாளில் எழுதியிருக்கிறேன். போகிறவர்கள் நுளம்பு எண்ணெயும், முதுகுக்கு ஒரு சின்னத் தலையணையும், எழுத நிறையத் தாளும் கொண்டு போங்கள். கத்தோலிக்க வேதாகமம் இல்லாதவர்கள் பக்கத்தில் இருக்கிறவரோடு சிநேகமாக இருந்துகொள்ளுங்கள்.

ஆண்களுக்கென்று தனியாக ஒரு நாள் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். அதே விலை, அதே சாப்பாடு. வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னேன். “நான் ஆரோடகா கதைக்கிறன்?” என்று கேட்டுவிட்டு, முச்சந்திப் பக்கம் போய்வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தார். தம்பியின் பெயரை மட்டும் மச்சாள் கொடுத்திருக்கிறார், அவனுக்கு இன்னும் தெரியாது.